முகாமும் வகுப்பும்: கருத்தடையில் ஆணின் பங்கு, தமிழ்நாட்டிலும் ஈரானிலும்

இரண்டாவது குழந்தை பிறந்த மறுநாள் அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில் கேட்கப்படும் கேள்வி எப்போதும் பெண்ணிடம்தான் கேட்கப்படுகிறது. "ஆபரேஷன் பண்ணிக்கிறியாம்மா?" அவள் தலையாட்டுவாள். முடிவு வீட்டிலேயே எடுத்தாயிற்று. கணவர் வராந்தாவுக்கு வெளியே நிற்பார். "அவர் பண்ணிக்கலாமே, அது இதைவிடச் சின்ன ஆபரேஷன்" என்று செவிலியர் சொன்னால், மறுப்பு முதலில் அந்தப் பெண்ணின் வாயிலிருந்தே வரும். "அவரு மூட்டை தூக்குறவரு சிஸ்டர். அவருக்கு வேண்டாம், நானே பண்ணிக்கிறேன்." பக்கத்தில் மாமியார் இருந்தால் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்வதும் இதையே. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள திருமணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். ஆணுக்கான அறுவை சிகிச்சை ஒரு சதவீதத்தின் சிறு பின்னமாகத் தேங்கிக் கிடக்கிறது. ஆணுறைப் பயன்பாடு தேசியச் சராசரியான 9.5 சதவீதத்தைவிட மிகக் குறைவு. கருத்தடை பெண்ணின் வேலை, ஆண் அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை என்ற கூற்றை இந்திய ஆண்களில் 35 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள்.

நம் ஆண்கள் அப்படித்தான், பண்பாடு அப்படி என்று இதைக் கடந்து போய்விடுகிறோம். இந்த விளக்கத்தை நான் ஏற்கவில்லை. 1960-களின் நடுவில் இந்தியாவில் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் ஆண்கள். அதில் முன்னணியில் இருந்தது சென்னை மாநிலம். இன்று வராந்தாவில் நிற்கும் இளைஞனின் தாத்தாக்கள் அவர்கள். இரண்டு தலைமுறைக்குள் பண்பாடு தலைகீழாக மாறிவிடவில்லை. ஆணை எதற்கு அழைத்தோம், எப்போது அழைத்தோம், எப்படி அழைத்தோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள எனக்கு உதவிய நாடு ஈரான்.

மதகுருக்கள் ஆளும் நாட்டையும் திராவிட இயக்கம் ஆண்ட மாநிலத்தையும் அருகருகே வைப்பது விநோதமாகத் தோன்றலாம். ஆனால் இரண்டுக்கும் அடிப்படையில் பெரிய ஒற்றுமை உண்டு. சீனாவைப் போல ஒரு குழந்தைச் சட்டம் போடாமலேயே பிறப்பு விகிதத்தை ஒரே தலைமுறைக்குள் ஏறத்தாழ பாதியாகவோ அதற்கும் கீழேயோ கொண்டுவந்த இடங்கள் இவை. தமிழ்நாட்டில் 1970-களின் தொடக்கத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக நான்கு குழந்தைகளை ஒட்டி இருந்தது, 1990-களின் நடுவில் இரண்டை ஒட்டி வந்தது. ஈரானில் 1980-களின் நடுவில் ஆறுக்கும் மேல் இருந்தது, 2000 வாக்கில் இரண்டுக்கு இறங்கியது. இரண்டும் சேர்ந்த இடம் ஒன்று. போன வழியில் இளம் ஆணுக்கு இருந்த இடம் மட்டும் வேறு.

நம் கதையை முதலில் பார்ப்போம். கருத்தடை பற்றிய பேச்சு இங்கே அரசு தொடங்கியது அல்ல. 1920-களின் இறுதியிலேயே சென்னையில் நியோ மால்தூசியன் சங்கம் ஏற்பட்டது. நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் கூடிப் பேசிய சபை அது. மக்கள்தொகை பெருகினால் வறுமை பெருகும் என்பது அவர்கள் கவலை. அதே காலத்தில் பெரியார் குடி அரசு இதழில் எழுதிய காரணம் முற்றிலும் வேறு. பெண் தன் வாழ்க்கையைத் தானே நடத்த வேண்டுமானால் பிள்ளை பெறுவதும் பெறாமலிருப்பதும் அவள் கையில் இருக்க வேண்டும் என்றார். நாட்டுக்காகவும் அல்ல, சொத்துப் பிரிவினையைத் தவிர்க்கவும் அல்ல, அவளுக்காக. பின்னால் வந்த அரசுத் திட்டம் இந்த இரண்டில் முதலாவதைக் கையில் எடுத்துக்கொண்டது. தலைகளை எண்ணும் வழி அது. இரண்டாவதை எடுத்திருந்தால், மனைவியின் உடலையும் வாழ்வையும் முன்வைத்து ஆணிடம் பேசும் ஒரு மொழி நமக்குக் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஆர். ஏ. கோபாலசாமி. மூன்று பிள்ளைகளுக்கு மேல் பெறுவதை முன்யோசனையற்ற தாய்மை என்று தன் அறிக்கையில் வகைப்படுத்தியவர். பிறகு சென்னை மாநிலத்தின் தலைமைச் செயலாளராக இருந்தபோது ஆண்களுக்கான அறுவை சிகிச்சையை முனைந்து பரப்பினார். 1956-இலேயே அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் ஏழைகளுக்கு அரசு பணம் கொடுத்தது. ஆள் கூட்டி வருபவருக்கும் தரகு கிடைத்தது. தரகர்களில் பலர் தாங்களே அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஆண்கள். இதில் ஒரு நல்லதும் இருந்தது: இன்னொரு ஆணிடம் போய், "எனக்கு ஒன்றும் ஆகவில்லை, பார்" என்று சொல்ல ஓர் ஆண் இருந்தான். கெட்டதும் அதற்குள்ளேயே இருந்தது. தலைக்கு இவ்வளவு என்று கூலி வைத்தால் கிழவரும் மணமாகாதவரும்கூடக் கணக்கில் சேர்வார்கள்.

அண்டையிலுள்ள எர்ணாகுளத்தில் ஆட்சியர் எஸ். கிருஷ்ணகுமார் நடத்திய முகாம்கள் உலகப் புகழ் பெற்றன. 1970 இறுதியில் ஒரு மாதத்தில் 15,005 ஆண்கள். 1971 ஜூலையில் 63,418 பேர், மிகப் பெரும்பாலோர் ஆண்கள். திருவிழாப் பந்தல் போட்டு, பணமும் பரிசுப் பொருள்களும் கொடுத்து, வரிசையில் நிறுத்திச் செய்தார்கள். அதைப் பார்த்து நாடு முழுவதும் முகாம் வைத்தார்கள். பிறகு அவசரநிலை வந்தது. 1976-77-இல் மட்டும் இந்தியாவில் சுமார் 82 லட்சம் கருத்தடை அறுவை சிகிச்சைகள் நடந்தன. அதில் ஆண்கள் ஏறத்தாழ 62 லட்சம். அவசரநிலை அத்துமீறல்களை விசாரித்த ஷா ஆணையம் பதிவு செய்த மரணங்கள் 1,774. வட இந்தியக் கிராமங்களில் ஆட்களை லாரியில் ஏற்றிப்போன கதைகள் இன்னும் சொல்லப்படுகின்றன. தமிழ்நாட்டில் அந்த அளவுக்கு மூர்க்கம் இல்லை, ஆனால் பயம் மாநில எல்லையில் நின்றுவிடவில்லை.

அடுத்த ஆண்டே கணக்கு சரிந்தது. 1977-78-இல் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் ஆண்கள் ஐந்தில் ஒரு பங்குதான். துறையின் பெயர் குடும்பநலம் என்று மாறியது. 1980-களில் லேப்ராஸ்கோப்பி வந்தது. மருத்துவமனைப் பிரசவம் கூடக் கூட, பிரசவத்தோடு சேர்த்துப் பெண்ணுக்கு முடித்துவிடுவது வழக்கமானது. பெண் ஏற்கெனவே படுக்கையில் இருக்கிறாள், ஆணைத் தேடிப் போக வேண்டும். அதன் பிறகு நடந்ததைத் தேசியக் குடும்பநல ஆய்வுகளின் வரிசை காட்டும். நாடு முழுமைக்கும் ஆண் அறுவை சிகிச்சையின் அளவு 1992-93-இல் 3.5 சதவீதம், 1998-99-இல் 1.9, 2005-06-இல் 1.0, 2015-16-இல் 0.3, 2019-21-இலும் 0.3.

இந்த இறங்குமுகத்துக்கு அவசரநிலையை மட்டும் குற்றம் சொல்லிப் பழகிவிட்டோம். அது பாதி உண்மை. மீதிப் பாதி, முகாம் என்ற ஏற்பாட்டுக்குள்ளேயே இருந்த குறை. முகாம் ஆணை ஒருமுறை மட்டும் அழைத்தது. பிள்ளைகள் பிறந்து முடிந்த பிறகு, ஒரு வெட்டுக்காக அழைத்தது. அவன் உடலைப் பற்றி அவனுக்கு எதுவும் சொல்லவில்லை. அறுவை சிகிச்சை முடிந்தும் ஏறத்தாழ மூன்று மாதங்களுக்குக் குழாயில் தங்கிய விந்தணுக்கள் வெளிவரும், அதுவரை ஆணுறை வேண்டும், பிறகு விந்துப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். இந்தச் சிறிய தகவல் எத்தனையோ பேருக்குப் போய்ச் சேரவில்லை. மனைவி கர்ப்பமானாள். ஆபரேஷன் ஆனவன் வீட்டில் பிள்ளை எப்படி என்று ஊர் கேட்டது. வெட்டுப்பட்டவன் கணவன், பழி சுமந்தவள் மனைவி. தகவலைச் சொல்லாமல் விட்ட அரசை யாரும் கேட்கவில்லை.

இளைஞனுக்கு என்று இருந்தது நிரோத் என்ற அரசு ஆணுறை ஒன்றுதான். ஹிந்துஸ்தான் லேட்டக்ஸ் திருவனந்தபுரத்தில் தொழிற்சாலை தொடங்கியது, டீத்தூளும் சோப்பும் சிகரெட்டும் விற்ற பெரிய நிறுவனங்களின் லாரிகளில் நிரோத் பெட்டிக்கடைகளுக்குப் போனது. மூன்று 15 பைசா. அருமையான யோசனை. ஆனால் 1990-களில் எய்ட்ஸ் வந்ததும் ஆணுறையின் அர்த்தம் மாறிவிட்டது. 2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுச் சுவர்களெங்கும் புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா என்று கேட்ட விளம்பரம் நினைவிருக்கும். உயிர்களைக் காத்த பிரச்சாரம் அது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. கூடவே, ஆணுறை வெளியே போகிறவனுக்கான பொருள் என்ற எண்ணமும் ஊறிவிட்டது. புதிதாகக் கல்யாணமான பையன் மருந்துக்கடையில் கேட்கக் கூசுகிறான். மனைவியிடம் எடுத்துக் காட்டவும் தயங்குகிறான், அவள் என்ன நினைப்பாளோ என்று.

இனி ஈரானுக்குப் போவோம். 1967-இல் மன்னர் ஷா காலத்தில் தொடங்கிய குடும்பத் திட்டம் 1979 புரட்சியோடு கைவிடப்பட்டது. ஈராக்குடன் எட்டாண்டுப் போர். பெரிய குடும்பம் பெருமையாக இருந்த காலம். 1986 கணக்கெடுப்பில் மக்கள்தொகை ஏறத்தாழ ஐந்து கோடி, ஆண்டு வளர்ச்சி 3.9 சதவீதம். போர் முடிந்த 1988-இல் மஷ்ஹத் நகரில் மக்கள்தொகை பற்றிய கருத்தரங்கு கூடியது. 1989 டிசம்பரில் திட்டம் மறுபடி தொடங்கியது. 1990-இல் நீதித்துறை உயர் அமைப்பு, ஆண் பெண் இருவருக்கும் கருத்தடை அறுவை சிகிச்சை இஸ்லாமியக் கொள்கைகளுக்கு எதிரானது அல்ல என்று அறிவித்தது. மதகுருக்கள் வெள்ளிக்கிழமைத் தொழுகை உரைகளில் பேசினார்கள்.

இதுவரை இது பல நாடுகளிலும் நடப்பதுதான். ஈரான் தனித்து நிற்பது அடுத்த ஏற்பாட்டில். 1990-களில் அங்கே திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டுமானால் மணமகனும் மணமகளும் கருத்தடை வகுப்புக்குப் போய்வந்த சான்றிதழ் காட்ட வேண்டும் என்றானது. திருமணத்துக்கு முந்தைய ரத்தப் பரிசோதனைக்கு எப்படியும் சுகாதார மையத்துக்குப் போயாக வேண்டும், 1997 முதல் தலசீமியா சோதனையும் அதில் சேர்ந்தது. போன இடத்திலேயே வகுப்பு. பெண்கள் ஓர் அறையில், ஆண்கள் வேறோர் அறையில். மாத்திரை, லூப், ஆணுறை, இருபாலருக்குமான அறுவை சிகிச்சை, எல்லாவற்றையும் பற்றிச் சொல்வார்கள். சில நாட்களில் மாப்பிள்ளையாகப் போகிற ஒருவன் பெண்ணின் மாதச் சுழற்சியைப் பற்றி இன்னொரு ஆண் பேசக் கேட்டு உட்கார்ந்திருப்பான், பக்கத்தில் அவனைப் போலவே வெட்கப்படும் பத்துப் பேரோடு.

அதோடு நிற்கவில்லை. பல்கலைக்கழகங்களில் மக்கள்தொகையும் குடும்பத் திட்டமும் என்ற பாடம் பட்டப்படிப்பு மாணவர் அனைவருக்கும் அப்போது கட்டாயமாக இருந்தது. பொறியியல் படிக்கிற பையனும் அதை எழுதித் தேற வேண்டியிருந்தது. கிராமங்களில் சுமார் 1,500 பேருக்கு ஒரு சுகாதார இல்லம். அங்கே பெஹ்வர்ஸ் எனப்படும் உள்ளூர்ப் பணியாளர்கள், பெரும்பாலும் ஒரு பெண்ணும் ஓர் ஆணும். ஊரின் ஆண்களிடம் பேச அரசின் ஊதியம் பெறும் ஓர் ஆண் அந்த ஊரிலேயே இருந்தார் என்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். நம்மிடம் கிராம சுகாதார செவிலியர் இருக்கிறார். தமிழ்நாட்டுத் தாய்சேய் நலத்தின் முதுகெலும்பு அவர். ஆனால் அவர் வீட்டுக்குள் வரும்போது ஆண் எழுந்து வெளியே போய்விடுகிறான்.

விளைவு என்ன? 2000-ஆம் ஆண்டு ஆய்வின்படி ஈரானில் திருமணமான இணைகளில் ஏறத்தாழ நாலில் மூன்று பங்கு ஏதோ ஒரு முறையைப் பின்பற்றியது. ஆண் அறுவை சிகிச்சை மூன்று சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு, ஆணுறை சுமார் ஆறு, விந்து வெளியேறுமுன் விலகும் முறை சுமார் பதினெட்டு. மூன்றையும் கூட்டினால், நூறு இணைகளில் இருபத்தைந்துக்கும் மேல் ஆணின் கையிலுள்ள முறையை நம்பியிருந்தன. ஏறத்தாழ அதே நேரத்து இந்தியாவில், 1998-99 ஆய்வில், இதே மூன்றையும் கூட்டினால் ஏழுதான் வரும்.

இந்த இருபத்தைந்தை அப்படியே பாராட்டிவிட முடியாது. அதில் பெரும்பகுதி விலகும் முறை. வழக்கமான பயன்பாட்டில் அதை நம்பும் நூறு பெண்களில் ஏறத்தாழ இருபது பேர் ஓராண்டுக்குள் கருவுற்றுவிடுவார்கள். ஆணுறைக்குப் பதின்மூன்று, ஆண் அறுவை சிகிச்சைக்கு ஒன்றுக்கும் குறைவு. ஈரானில் விரும்பாத கர்ப்பங்கள் பலவற்றுக்கு இதுவே காரணமானது. ஆனாலும் அதன் பின்னாலுள்ள மனநிலையைக் கவனிக்க வேண்டும். இஸ்லாமியச் சட்ட மரபில் இந்த முறையைப் பற்றிப் பல நூற்றாண்டுகளாக விவாதம் உண்டு. மனைவியின் சம்மதம் வேண்டும் என்பது சட்ட அறிஞர் பலரின் நிலைப்பாடு. கருத்தடை தன் வேலை என்று நினைத்த, அதுபற்றி மனைவியோடு பேச வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்த ஆண், அரசு வகுப்புக்கு வருவதற்கு முன்பே அங்கு இருந்தான். வகுப்பு அவன்மீது கட்டப்பட்டது.

ஈரானை நான் சொர்க்கமாகக் காட்டவில்லை. அங்கும் பெண் அறுவை சிகிச்சை சுமார் பதினேழு சதவீதம், ஆணுடையதைப் போல ஆறு மடங்கு. மாத்திரையையும் லூப்பையும் சுமந்தவர்கள் பெண்களே. வகுப்பு ஒருமுறைதான், அதுவும் கல்யாண அவசரத்தில், ஒரு மணி நேரத்தை ஒட்டி. மணமாகாத இளைஞனுக்கு அந்தக் கதவு திறக்கவேயில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை பின்னால் வெளிப்பட்டது.

2006-இல் அதிபர் அகமதிநிஜாத் இரண்டு குழந்தை போதாது என்றார். 2012-இல் உச்ச தலைவர் காமெனெயி, இந்தக் கொள்கையை இவ்வளவு காலம் நீட்டித்தது தவறு என்றும் அந்தத் தவறில் தமக்கும் பங்குண்டு என்றும் பேசினார். திட்டத்துக்கான நிதி நின்றது. 2014-இல் ஆண் அறுவை சிகிச்சையைத் தடைசெய்யும் மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. 2021-இல் வந்த சட்டம் அரசு சுகாதார மையங்களில் கருத்தடைப் பொருள்களை இலவசமாகத் தருவதை நிறுத்தியது. வகுப்பின் பாடம் பிள்ளைப்பேற்றை ஊக்குவிப்பதாக மாறியது. தெஹ்ரானில் வசதியுள்ளவன் மருந்துக்கடையில் வாங்கிக்கொள்வான். சுகாதார இல்லத்தை மட்டுமே நம்பியிருந்த கிராமத்துத் தம்பதிகளுக்குத்தான் அடி. ஆனால் பிறப்பு விகிதம் அரசு எதிர்பார்த்தபடி ஏறவில்லை, இரண்டுக்குக் கீழேயே இருக்கிறது.

இங்கே இரண்டு கதைகளும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன. தமிழ்நாட்டு முகாமுக்கு எண்ணிக்கை வேண்டியிருந்தது, ஈரான் வகுப்புக்கும் எண்ணிக்கைதான் வேண்டியிருந்தது. எண்ணிக்கை எட்டியதும் நாம் ஆணை மறந்தோம், அவர்கள் ஆணிடம் கொடுத்ததைப் பிடுங்கினார்கள். ஆனாலும் இரண்டும் சமம் என்று நான் சொல்லமாட்டேன். முகாமுக்குப் போனவன் கொஞ்சம் பணத்தோடும் பயத்தோடும் திரும்பினான். வகுப்புக்குப் போனவன் ஏதோ தெரிந்துகொண்டு திரும்பினான். சட்டம் மாறிய பிறகும் அது அவனிடம் இருக்கிறது.

இந்த ஒப்பீடு இப்போது ஏன் தேவை என்றால், ஈரான் திரும்பிய திருப்பத்தின் முனையில் நாமும் நிற்கிறோம். தமிழ்நாட்டின் பிறப்பு விகிதம் ஐந்தாவது ஆய்வில் 1.8. தொகுதி மறுவரையறைப் பேச்சு எழுந்ததும், 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் புதுமணத் தம்பதிகளை உடனே பிள்ளை பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டார். மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலம் நாடாளுமன்றத்தில் இடங்களை இழப்பது அநியாயம்தான், அந்தக் கவலை உண்மையானது. அதற்காகப் போராட வேண்டிய இடம் தில்லி. இருபத்து மூன்று வயதுப் பெண்ணின் படுக்கையறை அல்ல. முன்பு குறையச் சொல்லி எண்ணினார்கள், இப்போது கூடச் சொல்லி எண்ணுகிறார்கள். இரண்டு முறையும் சுமப்பது அவள் உடல்.

ஆணுக்கான முறைகள் இன்னும் சில இருந்தால் நல்லதுதான். ஐஐடியில் எஸ். கே. குஹா உருவாக்கிய ரிசக் ஊசியின் மூன்றாம் கட்டச் சோதனை 303 ஆண்களிடம் நடந்து 2023-இல் முடிவுகள் வெளிவந்தன, கர்ப்பத்தைத் தடுப்பதில் 99 சதவீதம் வெற்றி. அது ஊர் மருத்துவமனைக்கு எப்போது வந்தாலும் வரவேற்போம். ஆனால் கையிலுள்ள முறையே யாருக்கும் சரியாகத் தெரியாத இடத்தில் புதிய முறை மட்டும் என்ன செய்யும்? 1974-இல் சீன மருத்துவர் லீ ஷுன்சியாங் கண்டுபிடித்த தழும்பில்லா அறுவை சிகிச்சை நம் அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஊசியால் அந்த இடத்தை மரத்துப்போகச் செய்து சிறு துளை ஒன்று போடுவார்கள், தையல் இல்லை, சிறிது நேரத்தில் முடித்து அன்றே வீட்டுக்கு அனுப்புவார்கள். ஆண் ஹார்மோன் ரத்தத்தில் கலப்பது, துண்டிக்கப்படும் குழாய் வழியாகப் போவதில்லை. எனவே பலமும் குறையாது, ஆண்மையும் குறையாது. இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் பளு தூக்காமலும் சைக்கிள் ஓட்டாமலும் இருப்பது, அவ்வளவுதான். மூட்டை தூக்குகிறவர் அடுத்த வாரம் வழக்கமான வேலைக்குப் போகலாம். ஆண்டுதோறும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை இதற்கென்று இருவார விழா எடுக்கிறோம். அறிவிப்பும் ஊக்கத்தொகையும் வருகின்றன, ஆண்கள் வருவதில்லை. பழைய முகாமின் சாயல் அந்த விழாவில் இன்னும் இருக்கிறது: பிள்ளைகள் பிறந்து முடிந்தவனை, ஆண்டுக்கு ஒருமுறை, பணம் காட்டி அழைப்பது.

இருபத்தைந்து வயதில், முதல் குழந்தைக்கு முன்னால், அவனை அழைக்க நமக்கு இடம் இல்லையா? இருக்கிறது. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009-இல் வந்தது. எந்த மதமானாலும் 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். கணவனும் மனைவியும் சேர்ந்தே அங்கே போகிறார்கள். ஈரானைப் போலச் சான்றிதழோடு கட்டிப்போடக் கூடாது. கட்டாயம் என்றாலே அடுத்த அரசு அதைத் தன் விருப்பப்படி திருப்பிக்கொள்ளும். விருப்பமுள்ளவர்களுக்கு ஒரு மணி நேரம், இருவருக்கும் தனித்தனியாகவும் பிறகு சேர்த்தும் பேசலாம். எத்தனை பிள்ளை என்ற பேச்சே அதில் வேண்டாம். முதல் பிள்ளையை எப்போது பெறுவது என்பதை யார் முடிவு செய்வது, மாத்திரை அவளுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் அவன் என்ன செய்வான், ஆணுறையைச் சரியாகப் பயன்படுத்துவது எப்படி, பிள்ளையே தரிக்காவிட்டால் முதலில் யாருக்குப் பரிசோதனை, இவை போதும். கடைசிக் கேள்வி ஆண்களைத் தானாகவே உட்கார வைக்கும்.

பேசுவதற்கு ஆள் வேண்டுமே என்றால், ஆளும் இருக்கிறார். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சுகாதார ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஆண்கள். டெங்குக் காலத்தில் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்க்க வீடு வீடாக வருகிறவர்கள், தெருவில் எந்தப் பையனுக்குப் புதிதாகக் கல்யாணமானது என்று அறிந்தவர்கள். ஈரானின் ஆண் பெஹ்வர்ஸுக்கு இணையாக நம்மிடம் இருப்பவர் அவர்தான். கொசுப்புழுவைப் பற்றிப் பேச அவருக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறோம். இதைப் பற்றியும் பயிற்சி கொடுத்து, கிராம சுகாதார செவிலியர் மனைவியிடம் பேசும் அதே வாரத்தில் கணவனிடம் அவரைப் பேசச் சொல்வதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை, ஒரு துறைச் சுற்றறிக்கை போதும்.